மாடி வீட்டுக்கு நீ போட்ட காஸ்டிங்

அண்ணா,

முதலில் என் கண்ணில் பட்டது நம் மாடியில் தங்கியிருந்த அந்த மாப்பிள்ளையின் காது. கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் மாடியிலிருந்து இறங்கி வந்து, சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏனுங் அம்மிணி, மேல சுடுதண்ணி வர்லீங்களே" என்று கேட்டார். சற்று நேரத்தில் தாலி கட்டப் போகிறவர், என்னைப் போலவே தலையைத் தூக்காமல் பேசினார். ஹீட்டர் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன், அவருடைய வலது காது மடல் நீலமாக இருந்தது. பிறவி மச்சமோ என்று நினைத்தேன். அவர் திரும்பி நடந்தபோது கழுத்தும் நீலம், வெள்ளைப் பனியனின் முதுகும் நீலம். அது நீ எங்களுக்கு அனுப்பிவைத்த நீலம்.

இது அம்மா எழுத வேண்டிய கடிதம். வெளியூர் போன மகனுக்குப் பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். அப்பா இல்லை. அம்மாவுக்கு எழுத வரும், ஆனால் உன்மேல் கோபம் வராது. நீ எதைச் சொன்னாலும் "சரி சாமி" என்பாள். வர வேண்டிய கோபம் இந்த வீட்டில் யாருக்காவது வர வேண்டுமே, எனக்கு வந்திருக்கிறது. அதனால் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன். நேரில் உன்னை "நீங்க" என்பேன். ஃபோனில் "சரிங்ணா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வந்ததில்லை. அம்மா உன்னை "நீ" என்பாள். அவளுக்காக எழுதும்போது எனக்கும் நீ, "நீ" தான். இதை உன் நம்பருக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. சித்தப்பா, அத்தை, மாமன், உன் மச்சான் எல்லோரும் இருக்கும் குரூப்பில் போடுவேன். மாடி வீட்டைப் பற்றி நீ அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். கீழ் வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். முன்னறையை அம்மாவிடமிருந்து பிடுங்கி அதையும் நாள் வாடகைக்கு விடப் போகிறாய் என்பதும், அம்மா இனி பின்னால் தகரக் கொட்டகையில் படுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய் என்பதும் அவர்களுக்கும் தெரியட்டும்.

மாடியில் முன்பு ஒரு குடும்பம் மாத வாடகைக்கு இருந்தது உனக்கு நினைவிருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் கம்பெனிக்குப் போவார்கள். மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொடுப்பார்கள். அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு நாள் வாடகை ஆப்பில் போட்டாய். திருப்பூர் நல்லூரில் அப்படி ஒரு வீடு கிடைத்தால் ஆட்கள் வராமல் இருப்பார்களா? சரக்கு செக் பண்ண டெல்லியிலிருந்து வருகிறவர்கள், மெஷின் ரிப்பேருக்கு வரும் இன்ஜினியர்கள், அவிநாசிக் கோயிலுக்கு வரும் குடும்பங்கள், முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம். நீ பெங்களூரில் ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர். கையில் ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்தால் துணி, நூல், லேபிள், தையல் கூலி, கழிவு என்று பிரித்துப் பார்த்து, அது என்ன விலைக்கு அடங்கும் என்று சொல்லிவிடுவாய். மாடிக்கும் அப்படித்தான் காஸ்டிங் போட்டாய். ஆப்காரன் எடுக்கும் கமிஷன், சோப்பு, தண்ணீர்க் கேன், காபித் தூள் பாக்கெட், பெட்ஷீட், எல்லாவற்றுக்கும் ஒரு இடம் வைத்தாய்.

உன் மச்சான் வந்திருந்த அன்று கீழே உட்கார்ந்து அவருக்கு அதை விளக்கிச் சொன்னாய். நான் காபித் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர், "எல்லாஞ் சரிதான் மாப்ள, கூட்டிப் பெருக்க, தொவைக்க ஆளு வேணுமே, லேபர் எவ்வளவு போட்ட?" என்று கேட்டார். நீ சிரித்தாய். "அங்கதான் மச்சான் நாம ஜெயிக்கறோம். மத்தவனெல்லாம் லேபர்ல அடி வாங்குவான். நமக்கு லேபர் நில், சைபர். ஊட்டு ஆளுகதான்." அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அப்பிடின்னா நல்ல பிசினஸ்தான்" என்றார். நீ என்னைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதான். பத்தாவதை முடிக்காமல் நான் நின்றபோது அம்மா அழுதாள். நீ ஃபோனில் ஒன்றுமே கேட்கவில்லை. "சரி, ஊட்ல ஒரு ஆளு இருந்த மாதிரி ஆச்சு" என்றாய். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் நான் நின்றேன். ஒரு தடவை யாராவது "ஏன்" என்று கேட்டிருந்தால் திரும்பப் போயிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை. அப்போதே உன் மனதில் மாடிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

நீ நில் என்று போட்டது என்ன என்று சொல்கிறேன். ஒருவர் கிளம்பிப் போனதும் அடுத்தவர் வருவதற்குள் படுக்கையை உருவி, குளியலறையைத் தேய்த்து, தலைமுடியைப் பொறுக்கி, குப்பையைப் பிரித்து, வாசலில் கிடக்கும் பாட்டில்களை யாரும் பார்ப்பதற்கு முன் எடுத்து மறைக்க வேண்டும். லாண்டரிக்குக் கொடுத்தால் செலவு என்று நீ சொன்னதால் எல்லாவற்றையும் கையால் துவைக்கிறேன். ஒரு ராத்திரி தங்குகிறவனுக்கும் ஒரு வாரம் தங்குகிறவனுக்கும் அதே வேலைதான். ஆனால் நீ ஒரு ராத்திரிக்காரர்களைத்தான் தேடித் தேடி எடுக்கிறாய், கடைசி நேரத் தள்ளுபடி வேறு கொடுக்கிறாய், காலியாக விட்டால் நஷ்டம் என்கிறாய். காலியாகக் கிடக்கும் நாளில் எங்களுக்கு என்ன லாபம் என்று உனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அம்மா சத்தமாக இருமுவாள், நான் டிவி பார்ப்பேன், எங்களோடு பனியனில் நூல் பிசிறு வெட்ட வரும் ஜெபமணி அக்கா வாய்விட்டுச் சிரிப்பாள்.

அப்புறம் அந்தக் கிளீனிங் சார்ஜ். ஆப்பில் முதலில் தெரிய வேண்டும் என்பதற்காக ராத்திரி வாடகையைக் குறைத்தாய், குறைத்ததைக் கிளீனிங் சார்ஜ் என்ற பெயரில் மேலே ஏற்றினாய். அப்படி ஒரு சார்ஜ் இருப்பதை எனக்கு நீ சொல்லவில்லை, ஒரு டெல்லிக்காரர் சொன்னார். தரை முழுக்கச் சாதமும் சிக்கன் எலும்பும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியை இழுத்துக்கொண்டே, "க்ளீனிங் சார்ஜ் தியா ஹை நா" என்றார். எனக்கு ஹிந்தி தெரியாது, சார்ஜ்தான் கொடுத்தாயிற்றே என்கிறார் என்பது புரிந்தது. அந்தப் பணம் எனக்கு வேண்டும் என்று இதை எழுதவில்லை. நீ அதை வாங்குவதால் வருகிறவர்கள் வீட்டை எப்படி விட்டுப் போனாலும் தப்பில்லை என்று நினைக்கிறார்கள். காசு உனக்கு வருகிறது, எலும்பு எனக்கு வருகிறது.

கரண்ட் செலவை மட்டும் நீ எந்த வரிசையிலும் போடவில்லை. மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர், பில் அம்மா பெயரில் வருகிறது, அதனால் அது உன் செலவு இல்லை. மேலே ஏசி ஓடினால் யூனிட் ஏறி, மொத்தத்துக்கும் ரேட் கூடிவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் மாடி ஏசியின் சத்தம் கேட்டதும் அம்மா போய்த் தன் ஃபேனை நிறுத்துவாள். "எனக்குக் காத்து ஆகறதில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் விசிறிக்கொள்வாள். மேலே படுத்திருப்பவன் போர்வை கேட்டுக் கூப்பிடுவான்.

இதை நீ எங்கே கற்றாய் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவிடம்தான். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்று அத்தை சொல்வார், சொல்லட்டும். அப்பா அந்த முன்னறையில் தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்தபோது அவர் சொல்லும் ரேட் நல்லூரிலேயே குறைவு. எப்படிக் கட்டுப்படியாகிறது என்று எல்லோரும் கேட்டார்கள். மெஷின்காரர்களுக்கு டீ போட்டது அம்மா. பிசிறு வெட்டியது அம்மா. மடித்து, கட்டுப் போட்டு, ஆள் வராத நாளில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தது அம்மா. அவர் சொன்ன ரேட்டில் அம்மா எங்குமே இல்லை. யாருக்கும் கட்டுப்படியாகாத ரேட்டுக்கு அம்மாதான் கட்டுப்படியானாள். கடைசியில் யூனிட்டை மூடினோம், அம்மாவின் முதுகு மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டது. நீ அப்போது பெரிய பையன், எல்லாவற்றையும் பார்த்தாய். பார்த்து, அவருடைய தப்பை எடுத்துக்கொண்டாய். ஃபோனில் "அம்மா சாப்டாளா" என்று தினமும் கேட்பார் அப்பா, வெளியூர் போனால். அதை நீ எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்த நீலத்துக்கு வருகிறேன். ஒரு நாள் ஆட்டோவில் ஒரு ரோல் துணி வந்து இறங்கியது. பனியன் துணி, கருநீலம். நல்ல பெட்ஷீட் வாங்கினால் விலை, இது சும்மா கிடைக்கிறது, தைத்து விரித்துவிடு என்றாய். அந்த லாட்டைச் சரக்கு வாங்கும் உன் பையர் திருப்பி விட்டதும், சாயம் நிற்கவில்லை என்பதுதான் காரணம் என்பதும் உனக்குத் தெரியும். அதற்காக நீ அவர்களோடு நாள் கணக்கில் சண்டை போட்டதை நீயே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். பையர் வேண்டாம் என்றதை விருந்தாளிக்கு விரிக்கச் சொன்னாய். முதல் தடவை துவைத்தபோது பக்கெட்டில் மை கரைத்த மாதிரி ஓடியது. உனக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவ்வளவு பயந்தும் சொன்னேன். "ரெண்டு வாஷ்ல நின்னுரும் பாப்பா, உப்புல ஊற வெய்யி" என்றாய். உப்பில் ஊற வைத்தேன். எத்தனை தடவை அலசினாலும் தண்ணீர் நீலமாகத்தான் போனது. காய்ந்த துணி பார்க்க நன்றாக இருந்தது. ஏசியில் படுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் கரண்ட் போய்ப் போய் வந்தது, ஏசி ஓடவில்லை, மாப்பிள்ளைக்கு வேர்த்திருக்கிறது.

வந்தவர்கள் கொமரலிங்கம் ஊர்க்காரர்கள். மண்டபம் பக்கத்தில் என்பதால் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று பெண்ணின் அப்பா நம் மாடியை எடுத்திருந்தார். சுடுதண்ணீர் கேட்டுப் போனவர் மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. நான் படியேறிப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா பட்டு வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மடிப்பு நேராக இருக்க வேண்டும் என்று யாரோ தண்ணீர் தெளித்து, மெத்தைமேல் விரித்து, அதன்மேல் இன்னொரு விரிப்பைப் போட்டு அழுத்தி வைத்திருக்கிறார்கள். முகூர்த்த வேட்டி முழுக்கத் திட்டுத் திட்டாக நீலம்.

"இங்க வா சாமி" என்று என்னைக் கூப்பிட்டார். அந்த மரியாதைதான் அதிகம் பயமாக இருந்தது. "இதென்னது? எம்பையன் கல்யாணத்துக்கு வந்தானா, சாயப்பட்டறைக்கு வந்தானா? சொல்லு சாமி."

பின்னாலிருந்து அவர்கள் உறவுக்காரர் ஒருவர், "உடுங்கக்கா, மாப்ள கிருஷ்ணர் வேசத்துல வர்றாருன்னு சொல்லிக்கலாம். காதுக்குக்கூட பூசியாச்சு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். "உனக்கு வெளாட்டாப் போச்சா? பொண்ணூட்டுக்காரங்க எங்கள எங்க தங்க வெச்சிருக்காங்க பாரு. இது ஊடா, கழிவுத் துணிக் கொடோனா?" என்று அவர் கத்த ஆரம்பித்தார். மாப்பிள்ளை குறுக்கே வந்து, "அம்மா, அந்தப் புள்ளைக்கு என்னம்மா தெரியும்?" என்றார். அதற்கும் அவருக்குத் திட்டு விழுந்தது.

அப்போது அம்மா மேலே வந்தாள். சத்தம் கேட்டுக் கீழே பெட்டியைத் திறந்திருக்கிறாள். கையில் அப்பாவின் பட்டு வேட்டி இருந்தது, உன் கல்யாணத்துக்குக் கட்டுவேன் என்று வாங்கி, கட்டாமலே போன அதே வேட்டி. மடிப்புக் கலையாதது. "கோவிச்சுக்காதீங்க. இது புதுசுங்க. ஒரு தடவைகூடக் கட்டலீங்க. நேரமாகுதில்லீங், இதக் கட்டிக்கச் சொல்லுங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினாள். அந்த அம்மாள் வேட்டியைப் பார்த்தார். பிறகு அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்.

"யாருதுங்க இது?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "எங்கூட்டுக்காரருதுங்க" என்றாள்.

"செத்தவங்க வேட்டியவா எம்பையன் முகூர்த்தத்துக்குக் கட்டச் சொல்றீங்க? உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? மொதல்ல நீங்க எதுக்குங்க இந்த நேரத்துல முன்னால வந்து நிக்கறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. கிருஷ்ணர் என்று சொன்னவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா நீட்டிய கையை மடக்கி, வேட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, யாருக்கும் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து படியிறங்கினாள். நானும் கூடவே இறங்கினேன். கீழே வந்து வேட்டியைப் பெட்டியில் வைத்தாள். "நாம போயிருக்கக் கூடாது கண்ணு. அவங்க சொல்றதும் ஞாயந்தான?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைப் பூட்டினாள். பெண்ணின் அப்பா எந்தக் கடைக்காரரை எழுப்பி வேறு வேட்டி வாங்கினாரோ தெரியாது. கல்யாணம் நடந்தது. நாதஸ்வரச் சத்தம் நம் வீடு வரை கேட்டது. அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

உன் கல்யாணத்தில் பெண் வீட்டாரை எங்கே தங்க வைத்தாய் என்று நினைத்துப் பார். திருப்பூரிலேயே நல்ல லாட்ஜ். "ஒரு நாள் பேச்சு ஜென்மத்துக்கும் நிக்கும்மா, அங்க மட்டும் கணக்குப் பாக்கக் கூடாது" என்று நீதான் சொன்னாய். அது உன் மாமனார் வீட்டுக்கு. அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளைக்குக் கழித்த துணி போதும்.

அன்று மத்தியானம் நீ கூப்பிட்டாய். அவர்கள் ஆப்பில் புகார் போட்டு, வாடகை முழுவதும் திரும்பிப் போய்விட்டது என்பதால்தான் கூப்பிட்டாய்.

"எதுல தொவைச்ச பாப்பா?"

"சோப்புலதாங்ணா."

"உப்புல ஊற வெச்சியா இல்லியா?"

"வெச்சேங்ணா. அண்ணா, அம்மாவ அவங்க எல்லாத்து முன்னாலயும்..."

"அதெல்லாம் அப்பறம். ரெவ்யூ போட்டாங்களா, பாத்தியா?"

நான் "சரிங்ணா" என்றேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கடிதத்தை நான் அந்த நிமிடத்திலிருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அம்மாவைக் கூப்பிட்டாய். நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும், முன்னறை தெருவைப் பார்த்து இருக்கிறது, தனிக் கதவு இருக்கிறது, சும்மா கிடக்கிறது என்றாய். சும்மாவா கிடக்கிறது? காலையில் பக்கத்துப் பனியன் யூனிட்டிலிருந்து பண்டல் வந்து இறங்கும். அம்மாவும் ஜெபமணி அக்காவும் நானும் அந்தத் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவோம். பீஸுக்குக் கிடைக்கும் கூலிதான் அம்மாவின் சொந்தக் காசு. மாத்திரையும் அதில்தான், உன் பிள்ளை பிறந்தபோது போட்ட வெள்ளி அரைஞாணும் அதில்தான். நீயோ, "அந்தப் பிசிறு வேலைய நிறுத்திரும்மா. கெஸ்ட்டு இருக்கற ஊட்ல நூலு பறந்தா கம்ப்ளைன்ட் வரும். பின்னால கொட்டாயில ஒரு லைட்டப் போட்டுக்கலாம். உனக்கு எதுக்கு இனி வேலை?" என்றாய். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. அம்மா கையிலிருந்த கத்தரியைப் பார்த்தபடியே "சரி சாமி" என்றாள்.

ஜெபமணி அக்கா சங்கரன்கோவில் பக்கம். சர்ச்சுக்குப் போகும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் நம் முன்னறையில்தான். நீ ஃபோனை வைத்ததும், "எட்டி, ஒங்க அண்ணன் பெங்களூர்ல தகரத்துக்குக் கீழயா படுக்கான்?" என்று என்னைக் கேட்டாள். "இல்ல, கேக்கேன். அவன் பொண்டாட்டியக் கொண்டாந்து ஒரு மத்தியானம் இந்தக் கொட்டாய்ல படுக்கச் சொல்லு பாப்போம். வெந்து போவா." அம்மா, "உடு ஜெபா, அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றாள். "அவனுக்குக் கஷ்டம்னா ஒங்க ரூமுதான் கெடச்சுதாக்கும்?" என்று அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா அடுத்த பீஸை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பதில் இருந்தது. வாயில் வரவில்லை.

பெற்றவர்கள் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். அதனால் நானும் சொல்கிறேன், கேட்டுக்கொள். மாடியை நீ நடத்த வேண்டுமானால் நடத்து. அதற்குத் தனி மீட்டர் உன் பெயரில் வாங்கு, ஏசி ஓடுகிற பில் பெங்களூரில் உன் மேஜைக்கு வரட்டும். ஒரு ராத்திரிக்கு மட்டும் வருகிறவனைச் சேர்க்காதே. கிளீனிங் சார்ஜ் வாங்கினால் கிளீன் பண்ண ஆள் போட்டுக் கூலி கொடு, அந்த ஆள் நான் இல்லை. தறியில் நெய்த வெள்ளை விரிப்பு வாங்கு, லாண்டரிக்குப் போடு. இதெல்லாம் சேர்த்து விலை போட்டுப் பார். அந்த விலைக்கு யாரும் வரவில்லை என்றால், அது பிசினஸே இல்லை, இத்தனை நாளும் நீ எங்களை வாடகைக்கு விட்டிருக்கிறாய் என்று அர்த்தம். அப்போது பழையபடி ஒரு குடும்பத்தைக் குடிவை. முன்னறையைப் பற்றி எந்த விலையும் போடாதே. வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அவள் அதை உனக்குச் சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில்தான் நீ பேசுகிறாய்.

இன்று காலை வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. உன் ஃப்ளாட்டுக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, பழைய கட்டிலையும் மெத்தையையும் லாரி பார்சலில் போட்டிருக்கிறாய். முன்னறைக்கு. அம்மா ஏற்கெனவே பண்டல்களை ஒவ்வொன்றாக வெளியே நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். ஜெபமணி அக்கா கடைசிப் பண்டலின்மேல் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றாள். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, "பிரபு சாரு ஊடுங்களா? கட்டலு வந்திருக்குதுங்க. எங்கீங்க எறக்கறது?" என்று கேட்டார். அம்மா உள்ளே கையைக் காட்டப் போனாள். நான் எப்போதும் போலக் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

வெளியே போனேன்.

"எறக்காதீங்கண்ணா. திருப்பி அனுப்பிருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"திருப்பியா? எங்கீங்க அம்மிணி?"

"பெங்களூருக்கேங்க. வந்த எடத்துக்கே."

"வாடகை ஆருங்க குடுக்கறது? சும்மா திருப்ப முடியாதுங்களே."

"டூ பே போட்டுருங்கண்ணா. அங்க போயி வாங்கிக்குங்க."

"அந்த சாரு குடுப்பாருங்களா?"

"குடுப்பாருங்க. ஃப்ரைட்டு, வண்டி வாடகையெல்லாம் அவரு கணக்குல கரெக்டா வெச்சிருப்பாருங்க."

டிரைவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "கண்ணு, அண்ணன் கோவிச்சுக்குவான்" என்றாள். "ஆமாங்கம்மா" என்றேன். டிரைவரிடம் உன் நம்பரைச் சொன்னேன், அவர் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் கேட்டைச் சாத்தினேன். அம்மா வெளியே வைத்திருந்த பண்டலில் ஒன்றைத் தோளில் தூக்கி, முன்னறைக்குள் கொண்டுபோய் இறக்கினேன்.